சாம்பியனுக்கு வேலை இல்லை

2018 நவம்பர் 16. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஹோம்ஸ்டெட் என்ற ஊர். நாஸ்கார் ட்ரக் தொடரில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். ப்ரெட் மாஃபிட் என்கிற 26 வயசு இளைஞர் ஜெயித்தார், கூடவே தேசிய சாம்பியன் பட்டத்தையும் வாங்கினார். இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அவர் ஓட்டிய பதினாறாம் நம்பர் வண்டி இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. மாஃபிட் ஓட்டியதில் குறை ஒன்றும் இல்லை. புதுசாக வந்தவர் கூடவே ஸ்பான்சரும் வந்தார், அவ்வளவுதான்.

அந்த அணியின் முதலாளி ஷிகேயாகி ஹட்டோரி. ஜப்பானிலிருந்து பிழைக்கப் போனவர். அப்போது ரசிகர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. "சாம்பியனையே வீட்டுக்கு அனுப்புறதா? இது விளையாட்டா, வட்டிக்கடையா?" என்ற ரீதியில் போனது. என்னைக் கேட்டால் ஹட்டோரி செய்ததில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது நம்ம மாதிரி ஊர் விட்டு ஊர் வந்து, பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்கிற குடும்பங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் என்பதால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நொய்டாவில் இருக்கும் எங்களுக்கு ட்ரக் ரேஸ் என்றால் கிரேட்டர் நொய்டா புத்தா சர்க்யூட்தான் நினைவுக்கு வரும். 2014-இல் டாடா கம்பெனி பெரிய ப்ரைமா லாரிகளை அங்கே ஓடவிட்டார்கள். நான் சொல்வது அது இல்லை. அமெரிக்காவில் ட்ரக் என்றால் பிக்கப் வண்டி. அதுவும் வெளித்தோற்றம்தான் பிக்கப். உள்ளே இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய ரேஸ் சட்டம். பெரும்பாலும் நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே திருப்பித் திருப்பி ஓட்டுவார்கள். 1995-இல் ஆரம்பித்த தொடர் இது. நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களில் இது மூன்றாவது படி. இதற்கும் கீழே வட்டார அளவிலான தொடர்கள் உண்டு. நம்ம கிரிக்கெட்டில் மாவட்ட லீக், ரஞ்சி என்று இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

ஹட்டோரி முதலில் ஒரு டிரைவர். 1963-இல் பிறந்தவர், தொண்ணூறுகளில் அமெரிக்கா போனார். இண்டி லைட்ஸ் என்ற தொடரில் ஜெயித்திருக்கிறார், இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஓடியிருக்கிறார். 2005-இல் ட்ரக் தொடரிலும் ஒரு கை பார்த்தார். பெரிதாக எடுபடவில்லை. நம்மில் பலர் அந்த இடத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு டிக்கெட் போட்டிருப்போம். அவர் 2008-இல் வட கரோலினாவில் சொந்தமாக ஓர் அணி தொடங்கினார். பின்னால் கே அண்ட் என் ப்ரோ சீரிஸ் ஈஸ்ட் என்று பெயர் பெற்ற கிழக்கு வட்டாரத் தொடர்தான் அவர் களம். (2020 முதல் அது ஆர்க்கா பெயரில் நடக்கிறது.) சின்னச் சின்ன ஊர்கள், சின்னத் தடங்கள். டீவியில் முகம் தெரிவதே அபூர்வம்.

அங்கிருந்து தேசியத் தொடரில் ஒரு முழு சீசன் ஓட எத்தனை வருஷம் பிடித்தது தெரியுமா? 2017 வரை. இடையில் மேலே போய் சில பந்தயங்கள் ஓடிப் பார்ப்பதும், பிறகு கீழேயே இருப்பதுமாகப் போனது. முழு சீசன் ஓடிய 2017-இலும் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த வருஷம் ஓட்டியவர் ரையன் ட்ரூயெக்ஸ். அதே வருஷம் அவருடைய அண்ணன் மார்ட்டின் மேல் படியான கப் தொடரில் சாம்பியன். தம்பிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் :-)

இப்போது மாஃபிட் கதைக்கு வருவோம். அயோவா மாநிலத்துப் பையன். 2015-இல் கப் தொடரில் சிறந்த புதுமுகம் என்று விருது வாங்கினார். விருது வந்தது, நிரந்தர சீட் வரவில்லை. 2016-இல் ரெட் ஹார்ஸ் என்ற அணிக்காக மிச்சிகனில் ட்ரக் பந்தயம் ஜெயித்தார். 2017 மே மாசம் அந்த அணியே இழுத்து மூடப்பட்டது. ஆக, 2018-இல் சேர்ந்த இரண்டு பேருமே ஒரே நிலைமை. கையில் பணம் இல்லாத அணி, கையில் சீட் இல்லாத டிரைவர்.

பிப்ரவரியில் அட்லாண்டாவில் முதல் வெற்றி. தேசியத் தொடரில் அணிக்கும் அதுதான் முதல். ஜூனில் அவர் சொந்த மாநிலமான அயோவாவில் இரண்டாவது. இதற்கு நடுவில் அடுத்த பந்தயத்துக்கு வண்டி போகுமா போகாதா என்பதே சந்தேகம் என்கிற நிலைமை. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்கு டயர் வாங்கவும் எஞ்சினுக்குக் கொடுக்கவும் காசில்லை! கடைசி நேரத்தில் ஸ்பான்சர் கிடைத்து சிகாகோ போனார்கள், அங்கேயும் ஜெயித்தார்கள். பிறகு மிச்சிகன், ஃபீனிக்ஸ், ஹோம்ஸ்டெட். மொத்தம் ஆறு. எதிரில் நின்றதெல்லாம் பல வண்டிகள் வைத்திருக்கும் பெரிய அணிகள். இவர்களிடம் முழு சீசனும் ஓடியது ஒரே ஒரு வண்டி. அதன் தலைமைப் பொறுப்பில் (அங்கே க்ரூ சீஃப் என்பார்கள்) இருந்தவர் ஸ்காட் ஜிபடெல்லி.

அப்போதைய விதிப்படி கடைசிப் பந்தயத்துக்கு நாலு பேர் மிஞ்சுவார்கள். அந்த நாலு பேரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குப் பட்டம். மாஃபிட் கணக்குப் பார்த்து ஓட்டவில்லை, பந்தயத்தையே ஜெயித்துப் பட்டத்தை எடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் மேலே சொன்னேன். 2019-க்கு யுனைட்டெட் ரென்டல்ஸ் ஸ்பான்சரோடு ஆஸ்டின் ஹில் உள்ளே வந்தார். மாஃபிட் வெளியே.

இப்போது ஹட்டோரியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். பட்டறையில் மெக்கானிக்குகள், ஃபேப்ரிகேஷன் ஆட்கள், வண்டி ஏற்றிப் போகும் லாரி டிரைவர்கள் என்று பல குடும்பங்கள். மாசம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். பரிசுப் பணத்தை மட்டும் நம்பி இந்தத் தொழிலில் ஒரு வருஷம் ஓட்ட முடியாது. வண்டியின் பக்கவாட்டில் பெயர் எழுதுகிற கம்பெனி கொடுப்பதுதான் வருமானம். சாம்பியனை வைத்துக்கொண்டு ஜூனில் அணியை மூடுவதா, ஸ்பான்சரோடு வருபவரை எடுத்துக்கொண்டு பட்டறையைத் திறந்து வைப்பதா? பத்து வருஷம் கீழ்ப்படியில் கஷ்டப்பட்டவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"அப்போ பணம் கொண்டு வருபவன் திறமை இல்லாதவனா?" என்றால், அதுவும் இல்லை. ஹில் 2019-இன் முதல் பந்தயத்தையே டேடோனாவில் ஜெயித்தார், அந்த வருஷம் மொத்தம் நாலு வெற்றி. மாஃபிட்டும் தெருவில் நிற்கவில்லை. ஜிஎம்எஸ் என்ற பெரிய அணி அவரை எடுத்துக்கொண்டது, அவருக்கும் அந்த வருஷம் நாலு வெற்றி. கதை சுபம் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். மாஃபிட்டுக்கு வேறு கதவு திறந்தது அவர் அதிர்ஷ்டம். விருது வாங்கிய பிறகும், பட்டம் வாங்கிய பிறகும் ஒருவர் வேலை தேடித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த விருதுக்கும் பட்டத்துக்கும் என்னதான் மதிப்பு?

இங்கேதான் தப்பு என்கிறேன். தொடரை நடத்துபவர்கள் டீவி உரிமையில் சம்பாதிக்கிறார்கள். சாம்பியன் அணிக்கு அடுத்த சீசனின் பாதிச் செலவை ஒதுக்கி, "அதே டிரைவரை வைத்துக்கொண்டால்தான் இந்தப் பணம்" என்று ஒரு வரி விதி எழுதினால் போதும். முதலாளிக்கும் தர்மசங்கடம் இல்லை, டிரைவருக்கும் ஒரு வருஷ நிம்மதி. செலவைக் குறைக்க வேண்டும் என்று 2018-இல் ஒரே மாதிரி இல்மார் எஞ்சினைப் பயன்படுத்த அனுமதித்தவர்களால் இதையும் செய்திருக்க முடியும். மனசுதான் வேண்டும்.

சரி, அமெரிக்கக்காரன் பிரச்சினை நமக்கெதற்கு? காரணம் இருக்கிறது. நம்ம நாராயண் கார்த்திகேயன் 2010 மார்ச்சில் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் இதே ட்ரக் தொடரில் ஓடினார். நாஸ்காரின் தேசியத் தொடரில் ஓடிய முதல் இந்தியர் அந்தக் கோயமுத்தூர்க்காரர்தான். முதல் பந்தயத்திலேயே பதின்மூன்றாவது இடம். அந்த வருஷத்தின் மிகப் பிரபலமான டிரைவர் என்ற விருதையும் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அவருக்குக் கொடுத்தார்கள். (ஓட்டுப் போட்ட விரல்கள் எந்த நாட்டு விரல்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?) அடுத்த வருஷம் அவர் அங்கே இல்லை, ஹெச்ஆர்டி அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்குத் திரும்பினார். அதற்கும் டாடாவின் ஆதரவு தேவைப்பட்டது. அவ்வளவு திறமைக்காரருக்கே இந்தக் கணக்கு.

எங்கள் மயூர் விஹார் வட்டத்தில் ஒரு நண்பர், மதுரைப் பக்கம். பையனுக்குப் பதினாலு வயசு, கார்ட்டிங்கில் பைத்தியம். போன மாசம் கேட்டார்: "அண்ணே, ஊர்ல இருக்கிற மனையை வித்துட்டு பையனை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாம்னு இருக்கேன். நீங்க வண்டித் தொழில்ல இருக்கீங்க, என்ன சொல்றீங்க?"

நான் சொன்னது இதுதான். பையன் ஓட்டட்டும், தடுக்காதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஆனால் மனையை விற்காதீர்கள். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது பாதி வேலைதான். ஜெயித்த பிறகும் பணம் கொண்டு வரச் சொல்வார்கள், அப்போது விற்க இன்னொரு மனை இருக்காது. அதோடு, ஸ்டியரிங் பிடிக்கிற நேரத்தில் பாதியை ஸ்பேனர் பிடிக்கவும் செலவழிக்கச் சொல்லுங்கள். டிரைவர் சீட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். க்ரூ சீஃபுக்கும் எஞ்சினியருக்கும் வெல்டருக்கும் அணி சம்பளம் கொடுக்கும்.

நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. பையனின் அம்மா மட்டும் எனக்கு இன்னொரு டம்ளர் காபி ஊற்றினார் :-)

ஹட்டோரி 2025 ஏப்ரலில் வட கரோலினாவில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். 61 வயசு. "சாம்பியனை அனுப்பியவர்" என்றுதான் பலருக்கு அவர் நினைவில் இருக்கிறார். பாஷை புரியாத ஊரில், சொந்தமாக ஓட்டி எடுபடாமல் போன பிறகும், பத்து வருஷம் கீழ்த்தட்டுப் பந்தயங்களில் பட்டறையைத் திறந்து வைத்திருந்து, ஒரே வண்டியோடு மேலே வந்து பட்டம் வாங்கியவர் என்று நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன். வெளியூரில் கடை போட்டவர்களுக்கும், வேலை மாறி மாறிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கும் அந்தப் பத்து வருஷம் என்ன என்று தெரியும்.

உங்கள் வீட்டிலும் இப்படி வேகப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்தால், நீங்கள் மனையை விற்பீர்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நான் சொன்னது அநியாயம் என்று தோன்றினால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், அந்த மதுரை நண்பர் உங்கள் பக்கம் நிற்பார்.