கடைசியாகத் தொட்டவன் மட்டும்தான் குற்றவாளியா?

விபத்து நடந்ததும் முதலில் என்ன நடக்கிறது? போலீஸ் வருகிறது. அதிகாரிகள் காரில் வந்து இறங்குகிறார்கள். "டூட்டியிலே இருந்தது யாரு?" என்று கேட்கிறார்கள். ஒரு பெயர் கிடைக்கிறது. அன்றைக்கே சஸ்பெண்டு! அத்தோடு விஷயம் முடிந்ததாம்.

உண்மையிலேயே முடிந்ததா? பாலசோர் ரெயில் விபத்தைப் பார்த்தால் விடை தெரியும்.

பச்சை விளக்கு

2023-ம் ஆண்டு ஜூன் 2-ந்தேதி. ஷாலிமாரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட கோரமண்டல் எக்ஸ்பிரஸ், இரவு 7 மணி அளவில் ஒடிசா மாநிலம் பஹானாகா பஜார் ரெயில் நிலையத்தை நெருங்கியது. நேராகப் போகலாம் என்று சிக்னலில் பச்சை விளக்கு. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேகம்.

ஆனால் தண்டவாளமோ லூப் லைனுக்குத் திரும்பி இருந்தது! அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரெயில் நின்றுகொண்டிருந்தது. மோதிய வேகத்தில் பெட்டிகள் சிதறின. எதிரே சென்ற பெங்களூரு-ஹவுரா ரெயிலின் கடைசிப் பெட்டிகளும் சிக்கின. 290 பேருக்கு மேல் பலி.

"டிரைவர் தூங்கிட்டாரா? ஸ்டேஷன் மாஸ்டர் என்ன பண்ணினார்? சதியா இருக்குமோ?" டீக்கடை முதல் டெலிவிஷன் வரை இதே பேச்சு. டிரைவரோ பச்சையைப் பார்த்துத்தான் ஓட்டினார்.

பழைய தப்பு

ரெயில்வே பாதுகாப்பு கமிஷனர் விசாரித்தார். அருகே 94-ம் நம்பர் லெவல் கிராசிங்கில் கேட் தடுப்பை மாற்றும் வேலை நடந்திருக்கிறது. அப்போது சிக்னல் ஒயர்கள் மாறிப்போய்விட்டன. ஏன் மாறின? பெட்டிக்குள் ஒயர்களுக்குப் போட்டிருந்த அடையாளமே தப்பு! முன்பு எப்போதோ சர்க்யூட்டை மாற்றியபோது நடந்த குளறுபடி. பல வருஷமாக யார் கண்ணிலும் படவில்லை.

இன்னொன்றையும் அறிக்கை சொல்கிறது. அதே தென்கிழக்கு ரெயில்வே, அதே கரக்பூர் கோட்டம். 2022 மே 16-ந்தேதி வேறொரு நிலையத்தில் இதே மாதிரி ஒயர் கோளாறு ஏற்பட்டிருக்கிறது. அப்போதே விழித்துக்கொண்டு சரிசெய்திருந்தால் பாலசோர் விபத்து நடந்திருக்காதாம்!

2023 பிப்ரவரி 8-ந்தேதி கர்நாடகத்திலும் ஒரு எக்ஸ்பிரஸ் தப்பான தண்டவாளத்தில் போகப் பார்த்தது. டிரைவரின் சாமர்த்தியத்தால் நின்றது. மறுநாளே தென்மேற்கு ரெயில்வே உயர் அதிகாரி ஒருவர், சிக்னல் முறையில் ஆபத்தான குறை இருக்கிறது என்று கடிதம் எழுதினார். நான்கு மாதத்துக்குள் பாலசோர்!

ஆக, முன்னெச்சரிக்கை வந்தது. காதில் வாங்கத்தான் ஆள் இல்லை.

யார் மாட்டினார்கள்?

2023 ஜூலையில் சி.பி.ஐ. 3 பேரைக் கைது செய்தது. 2 பேர் சிக்னல் என்ஜினீயர்கள், ஒருவர் டெக்னீஷியன். மேல்மட்டத்தில் சில அதிகாரிகள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்த 3 பேர் குற்றவாளிகளா இல்லையா என்பதை கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் கோர்ட்டு கேட்காத கேள்விகள் இருக்கின்றன. 2022-ல் நடந்த கோளாறு, அடுத்த ஸ்டேஷன்காரர்களுக்கு ஏன் தெரிவிக்கப்படவில்லை? ஒயர் அடையாளத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு? கேட் வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? "சீக்கிரம் முடி, வண்டி வருது" என்று நெருக்கியது உண்டா?

1956 நவம்பரில் அரியலூரில் ரெயில் கவிழ்ந்தபோது மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பெரிய மனசு! இன்றைக்கும் ஜனங்கள் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். ஆனால் மந்திரி போனாலும், டெக்னீஷியன் ஜெயிலுக்குப் போனாலும், தப்பாக மாட்டிய ஒயர் தானாகச் சரியாகிவிடாது.

பட்டறையிலும் இதே கதை

ரெயில்வேயில் மட்டுமா இப்படி? ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் தொழிலாளியின் விரல் போகிறது. "கவனம் இல்லாம வேலை பார்த்தான்" என்று எழுதி ஃபைலை மூடுகிறார்கள். மெஷினின் தடுப்பைக் கழற்றச் சொன்னது யார்? இரண்டாவது ஷிப்டும் அவனையே நிற்க வைத்தது யார்? போன வாரமே "மெஷின் மக்கர் பண்ணுது சார்" என்று சொன்னபோது, "இன்னிக்கு லோடு போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றது யார்? ஃபைலில் இதெல்லாம் வராது.

கோளாறு என்று சொன்னவனுக்கு மெமோ, சொல்லாதவனுக்கு சபாஷ் என்றால் எவன் வாயைத் திறப்பான்? தண்டவாள இணைப்பில் அடிக்கடி தெரிந்த கோளாறை ஸ்டேஷன் தரப்பு தெரிவித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று பாலசோர் அறிக்கையும் சொல்கிறது. சொல்லாதது தப்புதான். ஏன் சொல்லவில்லை என்றும் கேட்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

எந்த விபத்து அறிக்கையிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் கட்டாயம் இருக்க வேண்டும். இதற்கு முன் யார் எச்சரித்தார்கள்? அதை யார் கேட்கவில்லை? அந்த அறிக்கையும் அலமாரியில் தூங்காமல் ஜனங்கள் கைக்கு வர வேண்டும். கோளாறைச் சொல்கிற கடைநிலை ஊழியரின் வேலைக்கு உத்தரவாதம் வேண்டும்.

சஸ்பெண்டு ஆர்டர் அடிக்க ஒரு காகிதம் போதும். ஒயரைச் சரிபார்க்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். அதைக் கொடுக்காத மேஜையையும் விசாரிக்காதவரை, அடுத்த பச்சை விளக்கை நம்பி எப்படி ரெயில் ஏறுவது?