அச்சம் அவளுக்கு மட்டுமா?

மார்க்கத் தீர்ப்புக் கேட்டு நம்மிடம் வரும் கணவன்மார்களுள் சிலர் குரலைத் தாழ்த்தி ஒன்று வினவுகின்றனர்: "ஹஜ்ரத், நாங்கள் தடுப்புடன்தான் இருந்து வந்தோம். ஆயினும் அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. இது எப்படி?" இவ்வினாவின் அடியில் ஓர் ஐயம் பதுங்கியிருப்பதை நாம் அறிவோம். வீட்டில் அப்பெண் நாட்களை விரல்விட்டு எண்ணியபடி உறக்கமின்றிக் கிடப்பதையும் அறிவோம்.

அவ்வையத்திற்கு விடை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. தம் அடிமைப் பெண் கருவுறுவதை விரும்பாத ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். விரும்பினால் அஸ்ல் செய்துகொள்ளலாம். எனினும் விதிக்கப்பட்டது வந்தே தீரும் என்று பெருமானார் அறிவித்தார்கள். சில காலம் கழித்து அவர் மீண்டும் வந்து, அவள் கருவுற்ற செய்தியைக் கூறினார். முன்னரே தாம் சொன்னதை நினைவூட்டியதே நபிகளாரின் மறுமொழி. ஜாபிர் (ரலி) அவர்களின் இவ்வறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதில் அப்பெண்ணின் மீது ஐயச் சொல் ஒன்றேனும் உண்டா?

இன்றைய மருத்துவமும் இதற்குச் சான்று பகர்கின்றது. உறையை நம்பியிருக்கும் நூறு பெண்களுள், வழக்கமான பயன்பாட்டில், ஓராண்டில் ஏறத்தாழ 13 பேர் கருவுறுகின்றனர். மாத்திரை உண்போருள் ஏறத்தாழ 7 பேர். அஸ்ல் முறையில் ஏறத்தாழ 20 பேர். தவறுவது முறையேயன்றி அவளது கற்பன்று! தடுப்புச் செய்தேன் என்பதை மட்டும் கொண்டு பிள்ளையை மறுக்க ஷரீஅத் இடமளிக்கவில்லை. ஆதாரமின்றிப் பத்தினியின்மீது பழி சுமத்துவதோ பெரும்பாவம்.

வேறு சிலர், தடுத்ததற்குக் கிடைத்த தண்டனை என்று அவளையே சாடுகின்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அஸ்லை அனுமதித்து, மனைவியின் உயிருக்கு நேரும் ஆபத்தையும், பிள்ளைகள் பெருகுவதால் வரும் இடர்ப்பாட்டையும் ஏற்கத்தக்க காரணங்களாக எண்ணியுள்ளார்கள். மனைவியின் இசைவின்றி அஸ்ல் கூடாதென்பது ஹனஃபி மத்ஹபின் மூலத் தீர்ப்பு. இருவரும் இசைந்து செய்த காரியம் தவறினால் பழி மட்டும் ஒருத்திக்கா?

உறை கிழிந்த மறுநாளே கணவன் செய்யத்தக்கது உண்டு. 72 மணி நேரத்திற்குள் உண்ணும் அவசர மாத்திரை, கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவது; உருவான கருவைக் கலைப்பதன்று. எவ்வளவு விரைவில் உண்கிறார்களோ அவ்வளவு பயன். நாள் தள்ளிவிட்டால் சிறுநீர்ச் சோதனை ஒன்றே ஐயத்தைத் தீர்க்கும். அதனை வாங்கக் கடைப்படி ஏற நாணி, மனைவியை வாரக்கணக்கில் அச்சத்தில் வாடவிடுவதை நாணம் என்பதா, கோழைத்தனம் என்பதா?

கணவன் மனைவியரைத் திருமறை ஆடைக்கு ஒப்பிடுகின்றது. ஆடை, குளிரிலே போர்த்துவது, மானத்தைக் காப்பது. அவள் நடுங்கும் வேளையில் கழன்று விழுவதற்குப் பெயர் ஆடையா? சகோதரர்களே, சிந்திப்பீர்!