நான்காவது அணி எங்கே?

மாணவர்களே, உங்களை ஒரு காற்பந்துப் போட்டிக்கு அழைக்கிறேன். இது எந்தத் திடலிலும் நடக்காத போட்டி.

நெகிரி செம்பிலான் மாநில அணி மலேசியக் கிண்ணத்தை மூன்று முறை வென்றிருக்கிறது. முதல் வெற்றி 1948-இல். அப்போது அதற்கு மலாயாக் கிண்ணம் என்று பெயர். அடுத்த வெற்றிக்கு 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009-இல் கிளந்தானை 3-1 என வென்று கிண்ணத்தை மீட்டார்கள். 2011-இல் திரங்கானுவை 2-1 என வென்று மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இந்த மூன்று அணிகளும் அந்தந்த ஆண்டின் பலத்தோடு சிரம்பான் பாரோய் அரங்கில் மோதிக்கொண்டால் யார் வெல்வார்? ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரவு முழுதும் வாதாடலாம். கணினியிடம் விட்டால் சில நொடிகளில் ஆயிரம் ஆட்டங்களை ஆடி முடித்துவிடும். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் இந்த விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறார்கள். எல்லாக் காலத்திலும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி, அணி அணியாகப் பிரித்து, கணினியில் ஒரு முழுப் பருவத்தையே நடத்துகிறார்கள். இதைப் பாவனைப் போட்டி எனலாம்.

நம் மூன்று அணிகளின் போட்டியையும் அப்படியே நடத்தலாம். ஆனால், தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கருத்து. நம் போட்டியில் நான்காவது அணி ஒன்று இருக்க வேண்டாமா? அது எந்த அணி என்று பிறகு சொல்கிறேன். முதலில் கணினி எப்படி ஆடுகிறது என்று பார்ப்போம்.

பகடையும் கணினியும்

கணினிக்குக் காற்பந்து தெரியாது. அதற்குத் தெரிந்தது வாய்ப்புக் கணக்குதான். அதை நீங்கள் வீட்டிலேயே ஒரு பகடையை வைத்துச் செய்து பார்க்கலாம்.

ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் கோல் அடிக்க ஆறு வாய்ப்புகள் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பலமான அணிக்குப் பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் கோல். பலம் குறைந்த அணிக்கு 6 விழுந்தால் மட்டுமே கோல். அதாவது, முதல் அணி சராசரியாக இரண்டு கோல் அடிக்கும். மற்றது ஒன்று அடிக்கும். இப்படி நூறு ஆட்டங்கள் ஆடினால் பலமான அணி ஏறத்தாழ 64 ஆட்டங்களில் வெல்லும். 21 ஆட்டங்கள் சமநிலையில் முடியும். மீதி 15 ஆட்டங்களில் பலம் குறைந்த அணி வென்றுவிடும்!

இரண்டு மடங்கு கோல் அடிக்கும் அணிகூட நூற்றில் பதினைந்து முறை தோற்கிறது. ஓர் ஆட்டத்தின் முடிவை வைத்து யார் சிறந்தவர் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பாவனைப் போட்டியில் ஒரே ஆட்டத்தை ஆயிரக்கணக்கான முறை ஆட வைப்பதும் இதனால்தான்.

இந்த முறைக்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். 1946-இல் ஸ்தனிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறிவரும் வேளையில் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டம் வெற்றியில் முடிய எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணக்கிட முயன்றார். கணக்கு சிக்கலானது. பலமுறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வெற்றி என்று எண்ணினால் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் இன்று வானிலை முதல் அணு ஆய்வு வரை எங்கும் பயன்படுகிறது.

மூன்று அணிகள், இரண்டு காலங்கள்

சரி, நம் போட்டிக்கு வருவோம். கணினி எந்த அணியை ஆதரிக்கும்? பெரும்பாலும் 2009 அல்லது 2011 அணியைத்தான். அவர்கள் சம்பளம் வாங்கி முழுநேரமும் ஆடியவர்கள். நம் நாட்டில் அரைத்தொழில்முறை லீக் 1989-இல்தான் தொடங்கியது. முழுத் தொழில்முறைப் போட்டி 1994-இல் வந்தது. 1948-இல் ஆடியவர்களுக்கு அந்த வசதி இல்லை. கால அளவும் தூர அளவும் மட்டுமே கணக்கு என்றால், புதியவர்கள்தான் முந்துவார்கள்.

ஆனால், அப்படி ஒப்பிடுவது நியாயமா? ஓட்டப்பந்தயத்தைப் பாருங்கள். டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். வித்தியாசம் 0.02 வினாடி. அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 19 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை!

இருவரில் யார் சிறந்தவர்? மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. குறுந்தூர ஓட்டக்காரருக்கு அது சாதகம். மறுபக்கம், காலணி, உணவு, பயிற்சி அறிவியல் எல்லாம் இன்றைய வீரருக்குச் சாதகம். ஆகவே, வெவ்வேறு காலத்தவரை நேருக்கு நேர் வைக்காமல், ஒவ்வொருவரும் தம் காலத்தவரைவிட எவ்வளவு மேலே நின்றார் என்று அளப்பதுதான் சரியான முறை. பாவனைப் போட்டிகளை நன்றாக அமைப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த அளவுகோலில் 1948 அணி எளிதில் தோற்காது. தன் காலத்தில் அதுவும் நாட்டின் முதல் அணிதானே!

ஆனால், இப்படி அளக்கவும் தரவு வேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1963 டிசம்பரில்தான் வந்தது. 2011 இறுதியாட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு பந்தையும் எண்ணலாம். 1948-க்கு அப்படி முடியாது.

காலம் மட்டும் காரணம் அல்ல. எதை எழுதி வைக்கிறோம் என்பதும் காரணம். 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்டச் செய்திகளில் கோல் அடித்தவர் பெயர் தவறாமல் இருக்கும். கோல்காவலரின் பெருமையோ உள்ளே போகாத பந்துகளில் இருக்கிறது. அவற்றை யார் எண்ணினார்கள்? இன்னொன்று: 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற மலேசிய அணியில் ஆறுமுகம் இருந்தார். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் பெயர் சொல்லி நாம் இன்றும் பேசும் தலைமுறை அது. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவில்லை. பதிவேட்டில் அந்த இடம் வெற்றாக இருக்கிறது. அதைப் பார்த்து, 'ஒலிம்பிக்கில் ஒன்றும் சாதிக்காத அணி' என்று சொல்வீர்களா? வெற்றுக் கட்டம் வேறு, சுழியம் வேறு.

அந்த நான்காவது அணி

இப்போது சொல்கிறேன். நான்காவது அணி, தோட்டத் திடல்களில் ஆடிய அணி.

லாபு, ரந்தாவ், சிலியாவ், மந்தின் என்று சிரம்பானைச் சுற்றித் தோட்டங்கள் நிறைந்திருந்தன. விடியலில் பால்மரம் சீவப் போனவர்கள் மாலையில் திடலில் பந்து உதைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடந்தது. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். திடலோடு சேர்ந்து ஆட்டக் கணக்கும் போய்விட்டது. பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பதிவேடே இருந்ததில்லை.

இந்த வெறுமையைக் கணினி எப்படிப் புரிந்துகொள்ளும்? மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, தரவு இல்லாதவரை ஆட்டத்திலேயே சேர்க்காமல் விடுவது. இரண்டாவது, வெற்றுக் கட்டத்தில் சுழியம் போடுவது. அப்படிச் செய்தால் அந்த அணி ஒரு கோல்கூட அடிக்காது. நூறு ஆட்டத்தில் ஒன்றிலும் வெல்லாது. மூன்றாவது, 'தெரியாது' என்பதையே கணக்கில் சேர்ப்பது. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் தோட்ட அணி பலமான அணி. பூ விழுந்தால் பலம் குறைந்த அணி. பிறகு பகடையை உருட்டி, அந்தப் பலமான அணியோடு ஆட விடுங்கள். இப்போது தோட்ட அணி நூற்றில் ஏறத்தாழ 26 ஆட்டங்களில் வெல்லும்!

ஆட்டக்காரர் யாரும் மாறவில்லை. வெற்றுக் கட்டத்தை நாம் படித்த விதம்தான் மாறியது. அதற்கே சுழியத்துக்கும் 26-க்கும் உள்ள வித்தியாசம் வந்துவிட்டது. கணினி சொல்லும் முடிவில் பாதி, கணினியிடம் கொடுத்தவரின் முடிவுதான்.

இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை என்பதற்கு பேஸ்பாலிலேயே பெரிய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைப் பெரிய லீக்கில் ஆட விடாமல் ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகளை நடத்தினார்கள். அந்த ஆட்டங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. ஜோஷ் கிப்சன் என்ற மாபெரும் ஆட்டக்காரர் 1947 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் நுழைந்து தடையை உடைத்தார். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பழைய நாளேடுகளில் வந்த ஆட்டக் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்குகள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தவர் டை காப், அவருடைய சராசரி.367. கிப்சனின் சராசரி .372. முதலிடம் ஒரே நாளில் கைமாறியது. கிப்சன் அன்று ஒரு பந்தையும் அடிக்கவில்லை. அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாறியது பதிவேடு மட்டுமே.

அந்த ஆய்வாளர்களுக்கு நாளேட்டில் நாலு வரியாவது கிடைத்தது. நமக்கு என்ன கிடைக்கும்? அது உங்கள் கையில் இருக்கிறது என்பேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

அந்தத் திடல்களில் ஆடியவர்கள் இன்று உங்கள் தாத்தாக்கள், பாட்டிகளின் அண்ணன் தம்பிகள். நினைவு இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரோடு ஆட்டம், என்ன முடிவு, யார் கோல்காவலர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால், கேட்டதையெல்லாம் அப்படியே உண்மை என்று எழுதிவிடாதீர்கள். வருடம் ஆக ஆக, அடித்த கோல்களும் கூடும்! இது மனித இயல்பு. ஒருவர் சொன்னதை, அவரோடு பேசி வைத்துக்கொள்ளாத இன்னொருவரிடம் விசாரியுங்கள். அலமாரியில் கிடக்கும் கிண்ணத்தில் ஆண்டு பொறித்திருக்கிறதா, பழைய குழுப்படத்தின் பின்புறம் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளேடுகளை இணையத்தில் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. 'தமிழ் முரசு' ஏடும் அதில் உண்டு. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'ஒருவர் சொன்னது', 'இருவர் சொன்னது', 'எழுத்துச் சான்று உண்டு' என்று குறித்து வையுங்கள். அறிவியலில் தரவின் தரத்தை இப்படித்தான் பிரிப்பார்கள்.

அடுத்து, உங்கள் காலத்துக் கணக்கையும் எழுதுங்கள். உங்கள் பள்ளிப் புறப்பாட ஆட்டங்களுக்குக் கணக்கேடு இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு பயிற்றுப் புத்தகம் போதும். தேதி, இடம், அணிகள், கோல் அடித்தவர், கோல்காவலர் தடுத்த பந்துகள், பெண்கள் அணியின் ஆட்டம், இரண்டாம் நிலை அணியின் ஆட்டம் எல்லாம் அதில் வரட்டும். வென்ற ஆட்டத்தை மட்டும் எழுதி, தோற்றதை விட்டுவிடாதீர்கள். பாதிக் கணக்கு, கணக்கே இல்லாததைவிட அதிகம் ஏமாற்றும்.

"இந்தப் பழங்கணக்கால் என்ன பயன், தேர்வில் கேட்பார்களா?" என்று சிலர் நினைக்கலாம். தேர்வில் வராது. ஆனால், இன்று ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதிலும், உதவிப் பணம் யாருக்கு என்று முடிவு செய்வதிலும், நோயைக் கண்டுபிடிப்பதிலும் கணினிக்குப் பங்கு இருக்கிறது. எல்லா இடத்திலும் அது பதிவில் இருப்பவரை மட்டுமே பார்க்கும். பதிவில் இல்லாதவர் அதற்கு இல்லாதவரே. 'இங்கே யாருடைய கட்டம் காலியாக இருக்கிறது, ஏன்?' என்று கேட்கத் தெரிந்த மாணவர், எந்தத் துறைக்குப் போனாலும் நல்ல அறிவியலாளராக இருப்பார்.

ஆகவே, பாவனைப் போட்டியைத் தாராளமாக நடத்துங்கள். 1948-ஐ 2011-உடன் மோத விடுங்கள். அட்டவணையில் நான்காவது வரியையும் போட்டு, தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டு, கோல் எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். பிறகு அந்தக் கட்டத்தை நிரப்பக்கூடியவர் உங்கள் வீட்டில் யார் என்று கேட்டுப் பாருங்கள்.