சாலைப் பணிக்கு முன் தொல்லியல் ஆய்வு: மும்பைக்கான நிலைப்பாடு

1931இல் பரேலுக்கும் சிவ்ரிக்கும் இடையே சாலை போடத் தோண்டியபோது மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான ஒற்றைக்கல் சிற்பம் ஒன்று வெளிப்பட்டது. ஒன்றிலிருந்து ஒன்று கிளைப்பது போல் ஏழு சிவ உருவங்கள், அவற்றின் காலடியில் இசைக்கும் கணங்கள். கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டினது என்பது கலை வரலாற்றாளர்களின் கணிப்பு. சிற்பம் பரேல் பாராதேவி கோயிலில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதன் வார்ப்பு நகல் சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் எந்தக் கோயிலுக்காக இதைச் செதுக்கினார்கள், செதுக்கியவர்களின் குடியிருப்பு எங்கே இருந்தது என்ற கேள்விகளுக்கு இன்றுவரை தெளிவான விடையில்லை.

தோண்டியவர்களுக்குத் தெய்வ உருவம் என்று பார்த்ததுமே தெரிந்ததால் சிற்பம் பிழைத்தது. பானை ஓட்டுக்கோ சிப்பிக் குவியலுக்கோ சாம்பல் படிந்த மண்ணடுக்குக்கோ அந்த வாய்ப்பு கிடையாது. ஜேசிபி வாரும் மண்ணோடு மண்ணாக அவை லாரியில் ஏறிவிடும். சாலைப் பணிக்கு முன் நிலத்தை ஆராய வேண்டும் என்ற கோரிக்கைக்கு அடிப்படை இதுதான்.

இப்போதுள்ள சட்டங்கள் ஏற்கெனவே தெரிந்தவற்றையே காக்கின்றன. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. பட்டியலில் இல்லாத நிலத்துக்கு இதனால் பயனில்லை. 1995இல் வந்த மும்பையின் பாரம்பரிய விதிகள் நாட்டிலேயே முன்னோடி; ஆனால் அவற்றின் பார்வை பெரும்பாலும் தரைக்கு மேலே நிற்கும் கட்டடங்களோடு நின்றுவிடுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமோ, பொருள் கிடைத்த பிறகு மாவட்ட ஆட்சியரிடம் சொல்லச் சொல்கிறது. அதற்குள் குழி நிரம்பித் தாரும் போட்டாகியிருக்கும்.

தாராவி, சயான், செம்பூர் வட்டாரம் ஒரு காலத்தில் எல்லைநிலமாக இருந்தது. ஆங்கிலேயரின் பம்பாய் மாஹிம் ஓடைக்கரையோடு முடிந்தது. அதற்கு அப்பால் போர்ச்சுகீசியரின் சால்செட். செம்பூர் டிராம்பே தீவின் வடமேற்கு முனையில் கிடந்தது. 1737இல் மராத்தியர் சால்செட்டுக்குள் புகுந்தனர். அதே ஆண்டையும் பம்பாய் ஆளுநர் ஹார்னின் பெயரையும் தாங்கிய கல்வெட்டு தாராவியின் காலா கிலா கோட்டையில் இருக்கிறது. வீடுகள் நெருக்க ஒடுங்கி நிற்கும் அந்தக் கோட்டையைப் பார்க்காத பலருக்கும் அதே பெயர் கொண்ட பெஸ்ட் பேருந்துப் பணிமனை தெரிந்திருக்கும். கோட்டையைச் சுற்றி இருந்த காவலிடங்கள், படகுத்துறைகள், கோலி மீனவர் குடியிருப்புகள் ஆகியவற்றின் எச்சங்கள் எதுவும் மிஞ்சியிருந்தால், அவை தூர்த்த சதுப்பின் அடியில்தான் கிடக்கும். காற்றுப் புகாத ஈரக் களிமண்ணில் மரமும் தோலும்கூட நெடுங்காலம் தாங்கும். தாராவி மறுசீரமைப்பு சுமார் 240 ஹெக்டேர் பரப்பைத் தொடுகிறது. அங்கே சாலைக்கும் வடிகாலுக்கும் தோண்டும் ஆழம் இந்த அடுக்குகளை எட்டக்கூடியது.

நகரச் சாலை உயர உயர, பழையது கீழே போகும். செயின்ட் தாமஸ் தேவாலயத்திலிருந்து கணக்கிட்டு நாட்டிய 19ஆம் நூற்றாண்டு மைல்கற்களில் சில அப்படித்தான் நடைபாதைக்குள் புதைந்தன. பின்னர் மாநகராட்சி அவற்றை மீட்டுச் சீரமைத்தது. வடக்கே காந்திவலியில் டாட் என்ற கடற்படை அதிகாரி திரட்டிய கற்காலக் கருவிகள் பற்றிய ஆய்வு 1939இல் வெளியானது. அதன் பிறகு அந்தப் பகுதியையும் கட்டடங்கள் மூடிவிட்டன.

ஆய்வுக்குப் பெரும் ஏற்பாடு தேவையில்லை. பம்பாயில் 1872 வரை நடந்த லாட்டன் நில அளவையின் வரைபடங்களையும் பழைய நிலப் பதிவுகளையும் புதிய சாலையின் வழித்தடத்தோடு பொருத்திப் பார்ப்பது முதல் வேலை. திறந்த நிலமானால் நடந்து பார்க்கும் மேற்பரப்பு ஆய்வும் சோதனைக் குழிகளும் போதும். உப்புநீர் ஊறிய களிமண்ணில் தரை ஊடுருவும் ரேடார் அதிகம் உதவாது. ஆனால் ஒவ்வொரு பெரிய சாலைத் திட்டத்திலும் மண்ணின் தாங்குதிறன் அறியத் துளையிட்டு மாதிரி எடுக்கிறார்கள். பொறியாளர் பார்த்துவிட்டு ஒதுக்கும் அந்த மாதிரிகளை ஒரு தொல்லியலாளரும் பார்ப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது. இதைக்கூட வழக்கமாக்காமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் 1990 முதல் திட்டத்தை மேற்கொள்பவரே ஆய்வுச் செலவை ஏற்கும் நடைமுறை உள்ளது. கேம்பிரிட்ஜ் அருகே ஏ14 நெடுஞ்சாலையை மாற்றி அமைத்தபோது சுமார் 250 தொல்லியலாளர்கள் வேலை செய்தனர், கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் வெளிப்பட்டன, சாலையும் திறக்கப்பட்டது. இந்தியாவுக்கும் இது புதிதல்ல. நாகார்ஜுனசாகர் அணை நீர் மூழ்கடிக்கும் முன் நாகார்ஜுனகொண்டாவை 1954 முதல் 1960 வரை அகழ்ந்தார்கள். அணைக்காகச் செய்ததைச் சாலைக்கும் செய்ய வேண்டும் என்பதே இந்த அறிக்கையை முன்வைக்கும் அமைப்பின் நிலைப்பாடு. ஆய்வு டெண்டருக்கு முன்பே முடிய வேண்டும். அதன் செலவு திட்ட மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பின் வரும் ஆய்வாளரைத் தாமதத்துக்குக் காரணமானவராகத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

குடியிருப்பவர்களின் அச்சமும் நியாயமானது. பக்கத்தில் ஏதாவது கிடைத்தால் 100 மீட்டர் தடை வந்து வீட்டைப் புதுப்பிக்க முடியாமல் போகும் என்ற பயம் கண்டதை மறைக்கத் தூண்டுகிறது. ஆனால் அகழ்வது, பதிவு செய்வது, பொருளை எடுத்துக்கொண்டு நிலத்தைத் திருப்பித் தருவது என்பதே பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது. அரிதான கண்டுபிடிப்புக்கு மட்டுமே வழித்தடத்தை மாற்றக் கோரலாம். தொல்லியலைக் காட்டி எவரையும் வெளியேற்றுவதை அமைப்பு ஏற்கவில்லை.

மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் குழி தோண்ட முடியாது என்பதால், வழித்தடம் முடிவான ஆண்டின் அக்டோபரிலேயே சோதனைக் குழிகளைத் தொடங்க வேண்டும். கிடைக்கும் பொருள்கள் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆய்வறிக்கை ஓராண்டுக்குள் மராத்தியிலும், அந்த வட்டாரத்தில் பேசப்படும் பிற மொழிகளிலும் வெளியாக வேண்டும்.