கெர்னிகாவின் ஓக் மரம்



ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் கெர்னிகா ஒரு சிறிய பழம்நகர். அங்குள்ள ஓக் மரத்தடியில்தான் முற்காலத்தில் ஊர்ப் பிரதிநிதிகள் கூடி முடிவெடுத்தனர்.

1937 ஏப்ரல் 26, சந்தை நாளன்று, ஜேர்மனிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி நகரின் பெரும்பகுதியை அழித்தன. மரமும் அருகிலிருந்த சபை மண்டபமும் தப்பின. ஊரவரே தீ வைத்ததாகப் பிராங்கோ தரப்பினர் கூறினர். உயிர் தப்பியோரால் நெடுங்காலம் வாய்திறக்க முடியவில்லை. 60 ஆண்டுகளின் பின், 1997இல், ஜேர்மனிய ஜனாதிபதி அவர்களுக்குக் கடிதம் எழுதித் தம் நாட்டு விமானிகளின் குற்றத்தை ஏற்றார்.

குண்டுக்குத் தப்பிய மரம் 2004இல் பட்டுப்போயிற்று. அதன் வழிவந்த மரமொன்று இன்று அங்கே நிற்கிறது.

சகோதரிகளே, கண்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.