கதவடைப்போரும் காது கொடுப்போரும்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையின்போது, எம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் எமது இல்லம் நாடி வந்தார். பகலில் கணக்காளர் அலுவலகம் ஒன்றிலே உத்தியோகம், இரவில் இசை. தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, நண்பர் வீட்டு அறையொன்றின் சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து வைத்து ஒலிப்பதிவு செய்த ஆறு பாடல்கள் அவருடைய கைத்தொலைபேசியில் இருந்தன. தேநீரைக் கையில் வாங்கியவர் குடிக்க மறந்து பேசத் தொடங்கினார்.

இரண்டு ஆண்டுகளாக அப்பாடல்களை அவர் அனுப்பாத இடமில்லை. வானொலி நிலையம் ஒன்று, “எமது நேயர்களுக்குப் பொருந்தாது” என்று ஒரு வரி எழுதியது. மற்றொன்று மறுமொழியே தரவில்லை. வெளியீட்டாளர் ஒருவர் பாட்டைப் பற்றி ஒன்றும் கேளாமல், “உம்மைப் பின்தொடர்வோர் எத்தனை ஆயிரம்?” என்று மட்டும் வினவினார். கட்டணம் பெற்றுக்கொண்டு பாட்டைக் கேட்டு அபிப்பிராயம் எழுதுவோரும் இக்காலத்தில் உளர். அவர்களுள் ஒருவர், “மெட்டு நன்று, ஆயினும் மனத்தைப் பற்றவில்லை” என்று எழுதினார். நண்பர் ஒருவரின் பாட்டுக்கும் அதே வாசகம் எழுத்துப் பிசகாமல் வந்ததாம்!

“வேண்டாம் என்று சொல்லட்டும், சேர், அதற்கு நான் அழமாட்டேன். எந்த இடத்தில் பிழை என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை,” என்றார்.

எமக்குச் சுருக்கென்றது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

ஒரு காலத்தில் பாட்டொன்று இசைத்தட்டாக வேண்டுமாயின் கம்பெனிக்காரரின் தயவு வேண்டும். ஒலிப்பதிவுக் கூடமும், தட்டு அச்சிடும் யந்திரமும், கடைகளுக்கு அனுப்பும் வழியும் அவர் கையில் இருந்தன. இன்று அத்தடை இல்லை. எவரும் பாடலாம், எவரும் இணையத்தில் வெளியிடலாம். எனினும் வாசல் ஒழிந்துபோகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இணையவழியே பாட்டுக் கேட்பிக்கும் ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024ஆம் ஆண்டிலிருந்து ஒரு விதியை நடைமுறைப்படுத்தியுள்ளது. முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைப்பணம் கிடையாது. எமது இளைஞரின் ஆறு பாடல்களுள் ஐந்து அக்கோட்டுக்குக் கீழேயே நிற்கின்றன.

அவரைத் தேற்றும் பொருட்டு நாம் ஒரு பழைய கதையை எடுத்தோம்.

1961ஆம் ஆண்டின் கடைசி நாளில், லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர், வாத்தியக் கருவிகளோடு ஒரு வானில் நெருங்கி அமர்ந்து, பனியினூடே இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டனர். வழி தவறியதால் நாள் முழுவதும் பயணத்திலேயே கழிந்தது. மறுநாட் காலை, 1962 ஜனவரி 1ஆந் திகதி, டெக்கா இசைத்தட்டுக் கம்பெனியின் கூடத்திலே அவர்களுக்குப் பரீட்சை. தங்கள் ஒலிபெருக்கிகள் தரமில்லையென்று ஒதுக்கப்பட, பழக்கமில்லாத கருவிகளோடு 15 பாடல்களைப் பாடினர். அவற்றுள் அவர்கள் தாமே இயற்றியவை மூன்றுதான். குரலிலே நடுக்கம் இருந்தது என்பதை அந்த ஒலிப்பதிவைக் கேட்போர் இன்றும் உணரலாம். சில வாரங்களின் பின், “வேண்டாம்” என்று தீர்ப்பு வந்தது. அதே நாளிற் பரீட்சைக்கு வந்த வேறொரு குழுவைக் கம்பெனி ஏற்றது. அவர்கள் இலண்டனுக்கு அண்மையில் இருந்தவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

மறுக்கப்பட்ட அந்த நால்வரே பீற்றில்ஸ் என்பதை மாணவர்கள் அறிந்திருப்பர்.

கிற்றார்க் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று கம்பெனியின் பெரியவர் டிக் றோ கூறினாரென, அந்நால்வரின் முகாமையாளர் பிறயன் எப்ஸ்ரைன் பின்னாளில் எழுதினார். றோ அதை வாழ்நாள் முழுதும் மறுத்தார். யார் சொன்னது மெய்யோ, நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவ்வாறு கூறப்பட்டிருந்தால், அது அந்த நால்வரின் பாட்டைப் பற்றிய தீர்ப்பன்று. ஓர் இனத்தைப் பற்றிய தீர்ப்பு. பாட்டைக் கேளாமலே அதனைச் சொல்லியிருக்கலாம்.

இத்தகைய இனத்தீர்ப்புக்கு நம் அயலிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகி மறைந்தன. நேயர்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்து சேர்ந்தனர். அவ்வாண்டு டிசெம்பரிலே தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்தி நிகழ்ச்சிக்காக ஒரு பெருந்தேசமே வாரந்தோறும் கொழும்பை நோக்கிக் காது நீட்டியிருந்தது. 1957இல் ‘விவித் பாரதி’ என்னும் சேவையைத் தொடங்கித்தான் டில்லி தன் நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. கேஸ்கர் சங்கீதம் அறியாதவர் அல்லர், நன்கு அறிந்தவர். அதுவே இதில் வேடிக்கை.

பீற்றில்ஸ் கதைக்கு மீள்வோம். கதவு அடைபட்டது கதையின் சிறிய பாதிதான். பலரும் அதனோடு நிறுத்திவிட்டு, “பார்த்தாயா, பெரியவர்கள் எல்லோரும் செவிடர்” என்று எக்களிக்கின்றனர். எமக்கு மற்றைய பாதியே பெரிது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இ.எம்.ஐ. கம்பெனியின் ஜோர்ஜ் மார்ட்டின் அவர்களை வரவழைத்துக் கேட்டார். அதுவரை நகைச்சுவைத் தட்டுகள் தயாரித்துப் பெயர் பெற்றவர் அவர். நால்வரின் சொந்தப் பாட்டுகளில் அவருக்குப் பெரிய மதிப்பு உண்டாகவில்லை. அவர்களுடைய குறைகளையெல்லாம் நெடுநேரம் எடுத்துரைத்துவிட்டு, “உங்களுக்கு இங்கே பிடிக்காதது ஏதும் உண்டா?” என்று கேட்டாராம். அவர்களுள் இளையவரான ஜோர்ஜ் ஹரிசன், “உமது கழுத்துப்பட்டி பிடிக்கவில்லை” என்றாராம்! மார்ட்டின் கோபித்துக்கொள்ளவில்லை. தம்மை எதிர்த்துப் பேச இடங்கொடுத்த வாசல் அது.

பிறர் இயற்றிய பாட்டொன்றை அவர்களிடம் தந்து, இதுவே வெற்றி பெறும் என்றார். செப்டெம்பரில் அதனை வேண்டாவெறுப்பாகப் பாடிப் பதிவு செய்த இளைஞர்கள், எங்கள் சொந்தப் பாட்டே வெளிவர வேண்டும் என்று மன்றாடினர். மார்ட்டின் இணங்கினார். அவர் தெரிந்த பாட்டை மறு வருஷம் வேறொரு லிவர்பூல் குழு பாடி முதலிடம் பெற்றது என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய காதும் பிழையன்று. இவர்களுடைய பிடிவாதமும் பிழையன்று.

பின்னர் ‘பிளீஸ் பிளீஸ் மீ’ என்னும் தங்கள் பாட்டைக் கொண்டுவந்தனர். சோகமாக, இழுத்து இழுத்துப் பாடினர். மார்ட்டின், “வேண்டாம்” என்று சொல்லவில்லை; “மனத்தைப் பற்றவில்லை” என்றும் சொல்லவில்லை. மிகவும் மெதுவாக இருக்கிறது, வேகத்தைக் கூட்டுங்கள் என்றார். நவம்பர் 26இல் விரைந்த நடையிற் பாடிப் பதிவு செய்தனர். 1963 ஜனவரியில் வெளிவந்த அத்தட்டு, பிரித்தானியாவின் பெரும்பாலான தரவரிசைகளில் முதலிடத்துக்கு ஏறியது. காலப்பிரமாணத்தைப் பற்றிய ஒரே ஒரு குறிப்பு! ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவர் மட்டுமே அதனைச் சொல்ல முடியும்.

கதையை இவ்வளவு உற்சாகமாய்ச் சொல்லி முடித்த எம்மை நோக்கி இளைஞர் மெல்லச் சிரித்தார். “சேர், அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்,” என்றார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், மெல்லிசைப் போட்டியொன்றிலே நாமும் ஒரு நடுவராக அமர்ந்திருந்தோம். பாடியோர் முப்பத்தொருவர். மதிய உணவுப் பொதிகள் வந்து மேசையிலே ஆறிக்கொண்டிருந்தன. அன்று பத்தாம் வகுப்பு மாணவராக இருந்த இவர், தாமே இயற்றிய பாட்டொன்றைப் பாடினார். நாம் புள்ளிகளை இட்டு, அடியில் “இன்னும் பயிற்சி தேவை” என்று எழுதினோம். இறுதிப் பத்துப் பேருக்கும் அதையே எழுதியதாக நினைவு. போட்டி முடிந்ததும் அவர் எம்மிடம் வந்து, எதிலே பயிற்சி என்று கேட்டார். “எல்லாவற்றிலும், தம்பி,” என்று சொல்லிவிட்டு நாம் உணவுப் பொதியைப் பிரித்தோம்.

வானொலிக்காரரையும் வெளியீட்டாளரையும் குறைகூற எமக்கு இருந்த யோக்கியதை இவ்வளவே.

கைத்தொலைபேசியை வாங்கி முதலாவது பாட்டைக் கேட்டோம். தாயைப் பிரிந்த மகன் பாடுவது. ஒரு தடவை கேட்டதும், நன்று என்று சொல்லி முடித்துக்கொள்ளும் ஆசை எழுந்தது. அடக்கிக்கொண்டு மூன்று தடவை கேட்டோம். மூன்றாந் தடவையிலே பிடிபட்டது. சரணத்தில் “தாயை மறவேன்” என்பது பாட்டின் உயிர். மெட்டுக்காக அவர் அச்சொல்லைப் பிளந்து, “தாயை மற” என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, பின்பு “வேன்” என்று முடித்திருந்தார். நிறுத்திய அவ்விடத்தில், தாயை மறக்கும்படி கேட்போருக்கு ஆணையிடுவது போலல்லவோ ஒலிக்கிறது! பழைய சங்கீத வித்துவான்கள் சிலரும் இப்படிப் பதங்களை வெட்டிப் பொருளைக் கொன்றிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் “பயிற்சி தேவை” என்று எழுதவில்லை.

இளைஞர் சற்றுநேரம் பேசவில்லை. முகம் சிவந்தது. விமரிசனம் வேண்டும் என்று கேட்பவர்க்கும் அது வந்து சேரும்போது கசக்கத்தான் செய்யும். “அந்த இடத்தில்தான் மூச்சு எடுக்க முடிகிறது, சேர்,” என்றார். பின்பு வாய்க்குள்ளே பாடிப் பார்த்தார். “தாயை” என்பதற்கு முன்னே மூச்சை வாங்கிக்கொண்டு அடுத்த சொல்லை ஒரே வீச்சிற் பாடினார். வரி நிமிர்ந்து நின்றது.

அந்த உற்சாகத்தில் நாம் இன்னொன்றும் சொன்னோம். இடையிலே ஒலிக்கும் உடுக்கு அளவுக்கு மிஞ்சிக் குரலை அமுக்குகிறது, குறைக்கலாம் என்றோம். அவர் உடனே தலையை அசைத்தார். “இல்லை, சேர். அது எங்கள் ஊர்க் கோயில் உடுக்கு. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பித்தது. குரல் அமுங்கட்டும்.”

கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுச் சென்றார். ஆறிப்போன தேநீர் அப்படியே இருந்தது.

பத்து நாட்களின் பின் திருத்திய பாட்டு எமக்கு வந்து சேர்ந்தது. “மறவேன்” முழுச்சொல்லாக வருகிறது. உடுக்கு முன்னையிலும் பலமாக ஒலிக்கிறது.