முதுகுவலியும் மரபுப் பெருமிதமும்

தமிழ் இலக்கிய வாசகர்களுக்கும் அக்குபங்சருக்கும் இடையே எப்படியோ ஓர் உறவு உண்டாகிவிட்டது. சிற்றிதழ் நண்பர்கள் நால்வர் கூடுமிடத்தில் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் போதும், மற்றொருவர் தமக்குத் தெரிந்த ஹீலரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. பிசியோதெரபி என்று யாரேனும் சொன்னால் ஓர் இளக்காரப் புன்னகை. அது மேலையது, உடலை எந்திரமாகப் பார்ப்பது. இதுவோ கீழையது, முழுமையானது, ஐயாயிரம் ஆண்டு ஞானம். இந்த எதிர்நிலை பொய்யானது என்பதும், வலியில் கிடப்பவருக்கு அது கேடு செய்கிறது என்பதுமே என் வாதம்.

ஐயாயிரம் ஆண்டிலிருந்தே தொடங்கலாம். ஹுவாங்தி நெய்ஜிங் என்னும் சீன மருத்துவ நூல் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை உடையது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மரபு அறுபடாத நீரோட்டமாக ஓடிவந்ததன்று. 1822இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சரை நீக்கினார். 1929இல் குவோமின்டாங் ஆட்சியில் மரபு மருத்துவத்தையே ஒழிக்க முயற்சி நடந்தது. மருத்துவர்கள் போதாத நாட்டில், 1950களில், மாவோவின் அரசுதான் அதைத் தொகுத்துப் பாடநூலாக்கியது. நம்மவர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், இதைச் சீனத்துக்குக் கொண்டுபோனவரே போகர்தான் என்கிறார்கள். போகர் பெயரில் வழங்கும் நூல்களின் மொழி பிற்காலத்தது என்பதை என் முதுகலை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

பழமை கிடக்கட்டும். வலி குறைகிறதா என்று கேட்டால், பலருக்குக் குறைகிறது என்பதே நேர்மையான விடை. அதன் காரணம்தான் ஹீலர்களுக்குச் சங்கடமானது. ஜெர்மனியில் நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 1162 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள், முறைப்படி ஊசி போட்டுக்கொண்டோரில் 47.6 விழுக்காடு. மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 விழுக்காடு மட்டுமே. இந்த எண் என் கட்சிக்குச் சாதகமானதல்ல. அதை மறைக்கவும் போவதில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. அவர்களுக்கு அக்குபங்சர் புள்ளிகளே அல்லாத இடங்களில், மேலோட்டமாக ஊசி குத்தினார்கள். அவர்களில் முன்னேற்றம் கண்டவர்கள் 44.2 விழுக்காடு! ஊசியை எங்கே குத்தினாலும் ஏறத்தாழ ஒரே பலன் என்றால், சக்தி நாளங்களும் முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளும் எதற்கு? நம் ஊரில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள், அதிலும் சிலர் குணமடைந்து திரும்புகிறார்கள். வேலை செய்வது புள்ளியல்ல; அரைமணி நேரம் முகம் பார்த்துக் கேட்டு, கையைப் பற்றி நாடி பார்க்கும் ஒரு மனிதர். இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் நம் மருத்துவமனைகள் இதற்காக வெட்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் முதுகுவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது, 2016இல் சான்றுகளை மறுபரிசீலனை செய்து அளிக்க வேண்டாம் என்றது. எல்லோரும் அதோடு உடன்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஊசிக்கும் நிபந்தனையோடு இடம் தருகிறது. ஆனால் 2016 வழிகாட்டுதலில் பிசியோதெரபி அன்பர்கள் வாசிக்க விரும்பாத பகுதியும் உண்டு. இடுப்பில் வார் கட்டி எடையால் இழுக்கும் ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல், இடுப்புப் பெல்ட் ஆகிய எதையும் அளிக்க வேண்டாம் என்கிறது அது. நம் நகரங்களில் பிசியோதெரபி என்ற பலகையின்கீழ் பெரும்பாலும் நடப்பது எது? குப்புறப் படுக்க வைத்து, ஒத்தடம் கொடுத்து, கரண்ட் வைத்து, பத்து நாளுக்கு மொத்தமாகக் கட்டணம் வாங்குவதுதான். ஹீலரிடம் இருப்பது ஊசி, இவரிடம் இருப்பது கம்பி. இதில் மேலையது எது, கீழையது எது?

உண்மையான பிரிவு வேறிடத்தில் இருக்கிறது. நோயாளி படுத்துக்கொண்டு பெறும் சிகிச்சை ஒன்று. அவரே எழுந்து, வலியோடு, வாரக்கணக்கில் செய்யும் சிகிச்சை மற்றொன்று. மறுவாழ்வுப் பயிற்சி என்ற சொல்லுக்கு உரியது பின்னதே. அதன் பலனும் அற்புதமன்று. 249 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பீட்டில், பயிற்சி செய்யாதவரோடு ஒப்பிடுகையில் நூற்றுக்குப் பதினைந்து புள்ளி அளவே வலி குறைந்தது. ஆனால் அந்தப் பதினைந்தும் நோயாளியின் கைவசம் இருப்பது, எவருடைய வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி மறுபடி வந்து முடக்க இடைநிலை அளவில் 208 நாள் ஆயிற்று. மற்றவர்களுக்கு 112 நாள். நடைக்கு ஞானப் பின்புலம் எதுவும் இல்லாததால் நம் வட்டாரத்தில் அதற்கு மதிப்பில்லை போலும். வியர்வை சிந்துவதன்மேல் படித்தவர்களுக்கு உள்ள பழைய ஏளனம்தான் இங்கே ‘கீழைத்தேய முழுமை’ என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது என்று எனக்குப் படுகிறது.

இதெல்லாம் வெறும் கருத்துச் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சக பேராசிரியர் ஒருவர், விடைத்தாள் திருத்தும் முகாமில் மர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து வலியைப் பெற்றுக்கொண்டவர், நான்கு மாதம் ஒரு ஹீலரிடம் போனார். வலி காலுக்கு இறங்கியபோது ‘கழிவு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றார் ஹீலர். மாத்திரைகளையும் நிறுத்தச் சொன்னார். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடக்கும் நிலை வந்த பிறகே வீட்டார் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அறுவை முடிந்து இரண்டு ஆண்டாகியும் பாதம் முழுதாக எழவில்லை.

கால் வலுவிழப்பது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுக்குள் நில்லாமை, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊசியும் வேண்டாம், உடற்பயிற்சியும் வேண்டாம், முதலில் மருத்துவமனை. கடைசி இரண்டைத் தவிர மற்றவை என்றால் அன்றைக்கே போக வேண்டும். இவை எதுவும் இல்லாத பெரும்பான்மையோரில், ஊசி போட்டுக்கொள்ள விரும்புகிறவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், வலி சற்றுத் தணிந்த அந்த வாரத்தில் நடக்கத் தொடங்குவதாக இருந்தால். போகரை மட்டும் இதில் இழுக்க வேண்டாம்.